டெல்டாவில் நல்ல இளம் நகரமைப்பாளரை எதை வைத்து அடையாளம் காண்பது?

மயிலாடுதுறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தாத்தா பெயரில் நடக்கும் உங்கள் குடும்ப அறக்கட்டளை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வேலை பார்க்கும் இளம் நகரமைப்பாளர் ஒருவருக்கு ஆண்டுதோறும் 50,000 ரூபாயும் பட்டயமும் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறது. முதல் ஆண்டே பதினொரு விண்ணப்பம். எல்லாவற்றிலும் பளபளவென்று வண்ணப் படங்கள். குழுவில் ஒரு சிவில் என்ஜினீயர், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், நீங்கள். ‘எதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் போடுவது ஐந்து நிமிட வேலை. அதற்குள் இருக்கும் கேள்விதான் கடினம்: பலன் தெரிய இருபது வருடம் ஆகிற தொழிலில், ஏழெட்டு வருடம் மட்டும் வேலை பார்த்த ஒருவரின் வேலை நல்லதா என்று இன்றைக்கே எப்படிச் சொல்வது? அதற்குத்தான் இந்தப் பதில். மதிப்பெண்ணையும் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

முதலில், யார் நகரமைப்பாளர் என்பதில் குழப்பம் வேண்டாம். நம் பக்கம் மனைப்பிரிவுக்கு பிளான் போட்டு அப்ரூவல் வாங்கித் தருகிறவர்கள் எல்லாரையும் ‘டவுன் பிளானர்’ என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. விண்ணப்பங்களில் பாதி அவர்களுடையதாகத்தான் இருக்கும். ஒரு நிலம் எதற்குப் பயன்பட வேண்டும், சாலையும் வடிகாலும் எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த இடத்தில் கட்டவே கூடாது என்று ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்ப்பவர் நகரமைப்பாளர். நான்காண்டு பி.பிளான் படித்திருப்பார், அல்லது பி.ஆர்க்., பி.இ. முடித்துவிட்டு இரண்டாண்டு எம்.பிளான். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் (டி.டி.சி.பி. என்றால்தான் எல்லாருக்கும் புரியும்), உள்ளூர் திட்டக் குழுமத்தில், மாநகராட்சி நகராட்சிகளின் நகரமைப்புப் பிரிவில், மாஸ்டர் பிளான் (ஊர் முழுவதற்குமான நிலப் பயன்பாட்டுத் திட்டம்) தயாரித்துக் கொடுக்கும் தனியார் ஆலோசனை நிறுவனங்களில் இவர்கள் இருப்பார்கள். 1951-இல் தொடங்கிய இந்திய நகரமைப்பாளர் நிறுவனத்தில் உறுப்பினராக இருந்தால் நல்லது. ஆனால் இல்லையென்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள்.

‘இளம்’ என்பதை வயதால் அளப்பது நம் ஊருக்குப் பொருந்தாது. ஐந்து வருட பி.ஆர்க்., அதன்மேல் எம்.பிளான் என்று முடிக்கும்போதே 24, 25 வயது. அரசு வேலை என்றால் தேர்வாணையத் தேர்வு, அறிவிப்புக்குக் காத்திருப்பது, முடிவுக்குக் காத்திருப்பது என்று இன்னும் சில வருடம் போகும். முப்பது வயதுக்கு மேல் கூடாது என்று வைத்தால், பெற்றோர் செலவில் படித்துவிட்டு நேரே பெரிய நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். முதல் நகரமைப்பு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எட்டு வருடம் என்று வையுங்கள். பிரசவம், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டது போன்ற இடைவெளிகளைக் கணக்கில் கழித்துவிடுங்கள். பிரிட்டனின் அரச நகரமைப்பு நிறுவனம் இளம் நகரமைப்பாளருக்கென்று தனி விருது வைத்திருக்கிறது. விருதுகளை இப்படித் தனியாகப் பிரிப்பதற்கு நியாயம் இருக்கிறது. மூத்தவரின் வேலையைத் தரையில் கட்டி எழுப்பியதில் பார்க்கலாம். இளையவரின் வேலையை அவர் எதைக் கவனித்தார், எதைக் கேட்டார், எதை எழுதி வைத்தார் என்பதில்தான் பார்க்க முடியும்.

டெல்டாவில் அவர் கவனித்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றுகூடச் சொல்லிவிடலாம்: தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது. தஞ்சாவூரிலிருந்து நாகைக் கடற்கரை வரை கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் நிலம் இறங்குவது 60 மீட்டருக்கும் குறைவு. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. திருவாரூரைத் தாண்டினால் அதிலும் பாதி தேறாது. இந்தச் சமதளத்தில் பாசன வாய்க்கால் மேட்டின் மேல் ஓடும், வடிகால் பள்ளத்தில் ஓடும். மேல்பக்கத்து ஊரின் வடிகால் பல இடங்களில் கீழ்பக்கத்து ஊருக்குப் பாசன வாய்க்காலாக மாறிவிடும். ஒரு முழ மண்ணைக் கொட்டினால் நீரோட்டம் திரும்பிவிடுகிற நிலம் இது. மேற்குப் பக்க மாவட்டங்களில் சுமாராக வேலை செய்த ஒருவர் தப்பித்துக்கொள்ளலாம். இங்கே அவர் செய்த தவறு முதல் ஐப்பசியிலேயே தெருவில் நிற்கும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஊர் ஓரத்தில் 5 ஏக்கர் நஞ்சை, அதாவது 15 மா, மனைப்பிரிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் பட்டா, சிட்டா, புலப்பட நகல் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவைப் படம்), அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) எல்லாம் சுத்தமாக இருக்கும். கிழக்கு எல்லையில் வாய்க்கால் புறம்போக்கு ஒன்று தனிப் புல எண்ணோடு இருக்கும். அதை யாரும் தொடமாட்டார்கள், தொட்டால் தெரிந்துவிடும். நிலத்துக்கு நடுவே பட்டா வயல்களின் வரப்போரமாக வழக்கத்தால் ஓடும் வயல் வாய்க்காலில்தான் சிக்கல். அதற்குப் புல எண் கிடையாது, பல சமயம் புலப்படத்தில் கோடுகூடக் கிடையாது. தெற்கே இருக்கும் இன்னும் பத்துப் பதினைந்து மா நிலம் அதைத்தான் நம்பியிருக்கும். சித்திரை, வைகாசியில் சைட் பார்க்கப் போகிறவருக்கு அது புல் மண்டிய ஒரு சின்னப் பள்ளம். மேட்டூர் திறந்து கல்லணை தாண்டித் தண்ணீர் வந்த பிறகு போகிறவருக்கு அது ஓடும் வாய்க்கால். கோடையில் போனாலும் பக்கத்து வயல்காரரையும் மதகு திறக்கும் லஸ்கரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆய்வுக் குறிப்பில் ‘புலப்படத்தில் இல்லாத வாய்க்கால் உள்ளது, தென்புற நிலங்களுக்குப் பாசனம்’ என்று ஒரு வரி எழுதுகிறவர் இருப்பார். அந்த ஒரு வரி எழுதியவரைத்தான் நீங்கள் தேட வேண்டும். விண்ணப்பத்தில் இதெல்லாம் இருக்காது. எழுதியவருக்கே அது பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது. நேர்காணலில் ‘ரெக்கார்டில் இல்லாமல் தரையில் இருந்த எதையாவது பார்த்தீர்களா?’ என்று கேட்டால்தான் வெளியே வரும்.

அதே 15 மாவில் அடுத்துப் பார்க்க வேண்டியது திறந்தவெளி ஒதுக்கீடு, ஓ.எஸ்.ஆர். என்பது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கு விட்டே ஆக வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. 5 ஏக்கர் என்பது 20,000 சதுர மீட்டருக்குச் சற்று மேல். சாலைக்கு 30 சதவீதம் போனதாக வைத்தால், பூங்காவுக்கு 1,400 சதுர மீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட ஒரு மா வரும். அளவு எல்லா மனைப்பிரிவிலும் சரியாகவே இருக்கும். கேள்வி, அந்த ஒரு மா எங்கே இருக்கிறது என்பது. விற்காத மூலை, மின்கம்பிக்கு அடி, வாய்க்கால் ஓர முக்கோணம் என்று தள்ளப்பட்டிருந்தால் அது கணக்குக்கு விட்ட இடம். பள்ளமான மூலையில் இருப்பதே தவறு என்று சொல்லவில்லை. மழைநீர் ஓரிரு நாள் தங்கிப் போகட்டும் என்று வேண்டுமென்றே பள்ளத்தை விட்டு, அதற்கு வடிகால் தொடர்பும் கொடுத்திருந்தால் டெல்டாவில் அதைவிட நல்ல பூங்கா இல்லை. பள்ளத்தில் பூங்கா விடலாமா என்பதில் துறைக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு; குழந்தைகள் விளையாடக் காய்ந்த இடம் வேண்டும் என்பவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆகவே எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்காதீர்கள். காரணம் சொல்கிறாரா, அந்தக் காரணத்துக்கு ஏற்ப வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மட்டத்தை, அதாவது நிலத்தின் உயர வித்தியாசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு வந்திருக்கும் வண்ணப் படங்களில் பாதி அதுவாகத்தான் இருக்கும்: நீலமும் பச்சையுமாக ‘வெள்ள அபாய வரைபடம்’. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவைக் கணினியில் போட்டு ஓடவிட்டால் அரை மணி நேரத்தில் அழகான படம் வந்துவிடும். அந்தத் தரவில் உயரப் பிழையே பல மீட்டர் இருக்கும். தென்னந்தோப்பின் தலையைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். மலைச்சரிவில் அந்தப் பிழை பெரிதில்லை. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரியாத இடத்தில் அந்தப் படம் காட்டும் நீரோட்டம் கற்பனை. குழுவில் உள்ள என்ஜினீயரிடம் சொல்லி ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ‘மட்டம் எடுத்தீர்களா, எந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து?’ (உயரம் ஏற்கெனவே தெரிந்த நிலையான குறிதான் பெஞ்ச் மார்க்.) மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியும் அளவுகோலான ஸ்டாஃபும் எடுத்துக்கொண்டு தெருமுனை, வீட்டு வாசற்படி, சாக்கடை அடிமட்டம், வாய்க்கால் அடிமட்டம் என்று முப்பது நாற்பது இடத்தில் அளந்து கையால் எழுதிய பட்டியல் ஒன்றை ஒருவர் எடுத்து நீட்டினால், அவருடைய படம் அழகில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. செயற்கைக்கோள் தரவை வைத்துக்கொண்டு, ‘இது தோராயம், இந்த மூன்று இடத்தில் தரையில் சரிபார்த்தேன், இங்கே பொருந்தவில்லை’ என்று சொல்பவரும் நல்லவரே. படத்தை நம்புங்கள் என்று மட்டும் சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

மதகும் குழாயும் இன்னொரு நல்ல பரீட்சை. 5 அடி அகலம், 3 அடி ஆழம் உள்ள வாய்க்காலின் வாய் 15 சதுர அடி. மனைப்பிரிவுச் சாலை குறுக்கே போக வேண்டும் என்று அங்கே 2 அடி விட்டமுள்ள சிமென்ட் குழாய் ஒன்றைப் போட்டு மண் மூடுவார்கள். அதன் வாய் 3 சதுர அடிக்குச் சற்று மேல். ஐந்தில் ஒரு பங்கு. மூன்று குழாய் போட்டாலும் பத்து சதுர அடி தேறாது, இரண்டு குழாய்களுக்கு நடுவில் ஆகாயத்தாமரை வந்து மாட்டும். பல இடங்களில் குழாயை வாய்க்கால் அடிமட்டத்துக்கு அரை அடி மேலே வைத்துவிடுவதும் உண்டு. பிறகு மேல்பக்கம் வருடம் முழுவதும் அந்த அரை அடித் தண்ணீர் நிற்கும், கொசுவும் சேர்ந்து. இதைக் கட்டுவது ஒப்பந்தக்காரர், அனுமதிப்பது வேறு துறை, ஆகவே நகரமைப்பாளர் பொறுப்பில்லை என்று ஒரு வாதம் உண்டு. சட்டப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் வரைபடத்தில் ‘வாய்க்காலின் முழு அகலத்துக்கும் பெட்டி மதகு’ (குழாய்க்குப் பதில் பெட்டி வடிவக் கான்கிரீட் மதகு) என்று குறிப்புப் போட யாரும் தடை சொல்லவில்லை. அந்தக் குறிப்பைப் போட்டவர், போடாதவர் என்ற வித்தியாசம் இளம் வயதிலேயே தெரிந்துவிடும்.

மனைப்பிரிவை விட்டு மாஸ்டர் பிளானுக்கு வருவோம். அதில் இளையவர்களுக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் நிலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. புல எண் புல எண்ணாக நடந்து, இது வீடு, இது கடை, இது நஞ்சை, இது தரிசு என்று குறிப்பது. அலுப்பான வேலை, அதனால்தான் அதில் ஆளின் தரம் தெரியும். கூகுள் படத்தைப் பார்த்து அறையில் உட்கார்ந்தே நிறம் பூசிவிடுவதும் நடக்கிறது. அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் சம்பா வயலைத் தரிசு என்று குறிப்பது இதில் வரும் வழக்கமான பிழை. அந்த ஒரு பிழை பின்னாளில் அந்த வயலைக் குடியிருப்பு மண்டலமாக்க வழிவிடும். சரிபார்ப்பது எளிது. வரைபடத்திலிருந்து சீட்டுக் குலுக்கி இருபது புல எண் எடுங்கள். தாசில்தார் ஐயாவோடு ஒரு காலைப் பொழுதில் சுற்றிவந்துவிடலாம். ஒன்றிரண்டு மாறியிருந்தால், கணக்கெடுத்த பிறகு நிலம் மாறியிருக்கக்கூடும். நான்கைந்து தவறு என்றால் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இருபது என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து இவருக்கு 85, அவருக்கு 90 என்று தரவரிசை போட முடியாது. அறையில் உட்கார்ந்து பூசியதா, நடந்து எழுதியதா என்பதை மட்டும் அது காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது ஆட்சேபணைகள். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 26-ஆவது பிரிவின்படி, வரைவு மாஸ்டர் பிளானை அறிவித்துப் பொதுமக்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம். நூற்றுக்கணக்கில் மனு வரும். பெரும்பாலும் ‘என் நிலத்தைப் பச்சையிலிருந்து (வரைபடத்தில் விவசாயத்துக்கு ஒதுக்கிய நிறம்) எடுத்துவிடுங்கள்’ என்பதாக இருக்கும். நடுவே சாணித்தாளில் எழுதிய ஒரு மனுவில் ‘திட்டச் சாலை எங்கள் சுடுகாட்டுப் பாதையை மறிக்கிறது’ என்று இருக்கும். மனுக்களைப் புல எண்படி அட்டவணை போட்டு, ஒரே விஷயத்தைச் சொல்பவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்றது அல்லது ஏற்காதது என்பதோடு காரணமும் எழுதியவர் யார் என்று விசாரியுங்கள். ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று ஒரே சொல்லில் எல்லா மனுவையும் முடித்தவர் யார் என்பதும் அதே விசாரணையில் தெரிந்துவிடும்.

அதே சட்டத்தின் 38-ஆவது பிரிவை வைத்தும் ஒரு கேள்வி கேட்கலாம். திட்டத்தில் சாலைக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கிய தனியார் நிலத்தைக் கையகப்படுத்த மூன்று ஆண்டுக்குள் நடவடிக்கை வராவிட்டால், ஒதுக்கீட்டிலிருந்து அந்த நிலம் விடுபட்டதாகிவிடும். ஆகவே நூறடிச் சாலையும் ஏக்கர் கணக்கில் பூங்காவும் போட்ட படத்தைக் காட்டுபவரிடம், ‘இதற்கு நிலம் எப்படி வரும், பணம் யார் தருவார்?’ என்று கேளுங்கள். தடுமாறினால் குற்றமில்லை. அந்தக் கேள்வியையே அவர் இதுவரை கேட்டுக்கொண்டதில்லை என்றால் அது குறை.

நேர்காணலில் கேட்க இன்னொன்று: ‘வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும் வயலில் எப்படி லேஅவுட் வருகிறது?’ 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் துத்தநாக, செம்பு உருக்காலை, தோல் பதனிடும் தொழில், புதிய எண்ணெய் எரிவாயுக் கிணறு போன்றவற்றைத் தடுக்கிறது. வீட்டுமனைப் பிரிவு அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. வயல் மனையாவது திட்டப் பகுதிக்குள் (திட்டக் குழுமத்தின் எல்லைக்குள்) நிலப் பயன்பாட்டு மாற்றத்தின் வழியாக. வெளியே என்றால் 1971 சட்டத்தின் 47-ஏ பிரிவு, நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கான 2017 விதிகள் வழியாக, ஆட்சியரின் இசைவோடு. பொதுமக்களில் பலர் 2020 சட்டம் எல்லாவற்றையும் தடுத்துவிட்டதாக நம்புகிறார்கள். விண்ணப்பதாரரும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தால் அவர் சட்டத்தைப் படிக்கவில்லை, செய்தித்தாளைப் படித்திருக்கிறார். இது ஒன்றுதான் சரி, தவறு என்று நேரடியாக மதிப்பெண் போடக்கூடிய கேள்வி.

பழைய ஊர்களுக்குள் வேலை செய்தவர்களை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ தெருவை அகலப்படுத்துவது என்றால் வீடு இடிப்பது என்றுதான் முதலில் தோன்றும். இதில் தஞ்சாவூருக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட பாடம் ஒன்று இருக்கிறது. 1914-இல் இந்தியா வந்த ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடஸ், சென்னை மாகாணத்து ஊர்களைப் பற்றி எழுதிக் கொடுத்த அறிக்கைகளில் தஞ்சாவூரும் ஒன்று. கோட்டைக்குள் நெரிசலான பகுதியில் நேர்கோடாகத் தெருக்களை வெட்டுவது என்று ஒரு திட்டம் இருந்தது. அவர் சந்து சந்தாக நடந்து, இடிந்து கிடக்கும் வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அங்கங்கே சின்னத் திறப்புகள் விட்டால் போதும் என்று காட்டினார். செலவு அந்தத் திட்டத்தின் ஒரு சிறு பங்கு. வீடிழப்பவர்களும் மிகக் குறைவு. இன்றைக்கு உங்கள் விண்ணப்பதாரர்களில் யாராவது எவ்வளவு குறைவாக இடித்து வேலையை முடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினால், கெடஸ் பெயரே தெரியாவிட்டாலும் அவர் அந்த வரிசையில் வருபவர். திருபுவனம் போன்ற நெசவாளர் ஊரில் தெரு என்பது பாவு (தறிக்கான நீளவாட்டு நூல்) நீட்டும் இடமும்கூட. அந்தத் தெருவில் சிமென்ட் தடுப்பும் பூந்தொட்டியும் வைத்து ‘அழகுபடுத்திய’ படம் வந்திருந்தால், வரைந்தவர் விடியற்காலையில் அங்கே போகவில்லை என்று அர்த்தம். தாராசுரத்திலும் பெரிய கோயிலைச் சுற்றியும் வேலை செய்தவராக இருந்தால், நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்பதைச் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது. அதற்குள் குடியிருப்பவர் வீட்டுக்கூரை ஒழுகினால் எங்கே மனுப் போடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நடைமுறை. நகரமைப்பில் தனியாள் வேலை என்று எதுவும் இல்லை. மாஸ்டர் பிளானில் கையெழுத்து மேலதிகாரியுடையது, வரைந்தவர்கள் பெயர் எங்கும் இருக்காது. அதனால் ஒவ்வொருவரிடமும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி வாங்குங்கள்: இந்த வேலையில் நான் செய்தது இது, மற்றவர் செய்தது இது, நான் தவறியது இது. மூன்றாவது வரி வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். உறுதிப்படுத்த இரண்டு பேர் போதும். ஒருவர் கூட வேலை பார்த்தவர். இன்னொருவர் அந்தத் திட்டத்தால் பாதிக்கப்பட்ட ஊர்க்காரர், கவுன்சிலராக இருக்க வேண்டியதில்லை. அரசு ஊழியரிடம் அலுவலக ஃபைலின் நகலைக் கேட்காதீர்கள். கொடுப்பது அவருக்கு ஆபத்து. வெளியிடப்பட்ட வரைவு, அறிவிக்கை, அனுமதி வரைபடம் இவற்றை வைத்தே பேசலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973 இருப்பதால், பணத்தோடு கூடிய விருதைப் பெறுவதற்கு முன் அவர் துறையின் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்; அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பெயரை அறிவித்துவிட்டு அனுமதி கேட்டால் அவர்தான் சங்கடப்படுவார். முதலில் கேளுங்கள், பிறகு அறிவியுங்கள். 50,000 ரூபாயைக் கையில் கொடுப்பதற்குப் பதில் படிப்பு, உறுப்பினர் கட்டணம், அளவைக் கருவி என்று கொடுத்தால் அனுமதி சுலபமாகுமா என்பது அந்தந்த அலுவலகத் தலைவரைப் பொறுத்தது. அதில் நான் உறுதி சொல்ல முடியாது.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். விழாச் செலவுக்கு மனை விற்பனை செய்பவர்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். விண்ணப்பதாரரின் மேஜையில் அவர்களுடைய ஃபைல் இருக்கும். பேனரில் அவர்கள் பெயரும் இவர் படமும் பக்கத்தில் வந்தால், விருது வாங்கிய நாளிலிருந்து அவர் எந்த லேஅவுட்டை நிறுத்தினாலும், எதற்குக் கையெழுத்துப் போட்டாலும் பேச்சு வரும். குழுவில் இருக்கும் என்ஜினீயர் மனைப்பிரிவு வேலையும் எடுப்பவராக இருந்தால், எந்தெந்த விண்ணப்பதாரரிடம் அவருடைய வேலை போகிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு மட்டும் அவரை விலகியிருக்கச் சொல்லுங்கள்.

‘ஓராண்டில் 400 அனுமதி’ போன்ற எண்ணிக்கைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்லா அனுமதிக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கும் ஒற்றைச் சாளரம் வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் வீடு கட்ட 2024 முதல் சுயசான்று முறையே போதும். வேகம் நல்லதுதான், ஆனால் அது கணினியின் வேகமாகவும் இருக்கலாம். எத்தனை விண்ணப்பத்தைத் திருப்பினார், ஏன் திருப்பினார், திருத்திக் கொடுத்த பிறகு அது எப்படி மேம்பட்டது என்பது அதைவிட நல்ல கேள்வி. வெறுமனே திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பதும் திறமை ஆகாது. அதற்கு வேறு காரணங்கள் இருக்கும், உங்களுக்கே தெரியும்.

மதிப்பெண் கேட்டீர்கள். 100-இல் 45 தரையில் சரிபார்த்ததற்கு, 25 ஊர்க்காரர் சொல்வதற்கும் ஆட்சேபணைகளைக் கையாண்ட விதத்துக்கும், 20 அந்த ஒரு பக்க எழுத்துக்கும் நேர்காணலுக்கும், 10 சட்ட அறிவுக்கு. வரைபட அழகுக்கும் ஆங்கிலப் பேச்சுக்கும் பூஜ்யம். இந்த விகிதம் என் கணிப்பு, இதற்கு ஆய்வு ஆதாரம் எதுவும் இல்லை. பத்து இப்படி அப்படி மாற்றிக்கொள்ளலாம். கவனித்தாரா, நடந்தாரா, காரணம் எழுதினாரா என்பதை இந்த முறையில் ஓரளவு உறுதியாகக் கண்டுபிடித்துவிடலாம். அவருடைய தீர்ப்பு சரியா, இருபது வருடம் கழித்து அந்த ஊர் நன்றாக இருக்குமா என்பதை எந்தக் குழுவாலும் இன்றைக்குச் சொல்ல முடியாது. பாராட்டுப் பத்திரத்தில் ‘சிறந்த’ என்று எழுதுவதைவிட எந்த வேலைக்காக என்று ஒரு வரி எழுதுவது அதனால்தான் நல்லது. தகுதியானவர் யாரும் இல்லாத ஆண்டில் கொடுக்காமல் விடவும் விதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டாய நிபந்தனை மட்டும் சேருங்கள்: எடுத்துக்கொள்ளும் வேலை குறைந்தது ஒரு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்திருக்க வேண்டும், இரண்டு என்றால் இன்னும் நல்லது. ஆனியில் விண்ணப்பம் வாங்கி, ஆடி ஆவணியில் ஐந்து பேராகக் குறைத்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை சைட்டுக்குப் போங்கள். மாசியில் விழா வைத்தால் சம்பா அறுவடையும் பெரும்பாலும் முடிந்திருக்கும், ஊர்க்காரர்களும் வர முடியும். மழைக்கு மறுநாள் போகும்போது விண்ணப்பதாரரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த மனைப்பிரிவுக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைசி மடையில் நிலம் வைத்திருப்பவர் யார் என்று கேட்டு, அவர் வயல் வரப்பில் நின்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்து நேர்காணலை வையுங்கள்.